கேள்வி பதில்: ட்ரிகர் டைட்டா இருக்கு, ராவிடலாமா?

கேள்வி: அண்ணா, தண்டையார்பேட்டைலேர்ந்து எழுதுறேன். கிளப்ல ஒரு வருஷமா பாயிண்ட் 22 செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்ல 25 மீட்டர் சுடுறேன். ட்ரிகர் ரொம்ப டைட்டு, குண்டெல்லாம் இடது பக்கம் கீழ போய் விழுது. தெரிஞ்ச லேத்துக்காரர் ஒருத்தர் உள்ள லேசா ராவிக் குடுத்தா பஞ்சு மாதிரி ஆயிடும்ங்கிறார். பண்ணலாமா?

பதில்: வேணாம் தம்பி, அத மட்டும் பண்ணாத. உள்ள சியர்னு ஒரு சின்ன பார்ட், குண்ட வெடிக்க வைக்கிற சுத்தி மாதிரி ஹேமர புடிச்சு நிறுத்துறதே அதோட முனைதான், அத ராவுனா கெட்டியான மேல்பாகம் போயி சீக்கிரம் தேஞ்சிடும், அப்புறம் ஒருதரம் அமுக்குனா ரெண்டு குண்டு போற நெலமகூட வரும், பக்கத்து லேன்ல ஆள் நிக்குது பாரு. அதோட 25 மீட்டர் போட்டில ட்ரிகர் இழுக்குற எடை 1000 கிராமுக்கு கொறையக்கூடாது, எடைய தொங்கவிட்டு செக் பண்ணுவாங்க, ஏர் பிஸ்டலுக்குத்தான் 500. போட்டிக்குன்னே செஞ்ச மேட்ச் பிஸ்டல்னா பெரும்பாலும் ஸ்க்ரூலயே அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், கோச்ச வச்சுகிட்டு மேனுவல் பாத்து வை.

ஆனா எனக்கு விரல் மேலதான் சந்தேகம். வலது கைக்காரங்களுக்கு இடது கீழ விழுதுன்னா முக்காவாசி வெடுக்குன்னு இழுக்குறதுதான். கோச்ச விட்டு மேகசின்ல குண்டுக்கு நடுவுல டம்மி, அதாவது வெடிக்காத போலி குண்டு, கலந்து போடச் சொல்லு, எது எங்கன்னு உனக்கு தெரியக்கூடாது. டம்மி வர்றப்ப வெடிக்காது, ஆனா பிஸ்டல் மூக்கு கீழ முங்கும், உன் கண்ணாலயே பாப்ப. நான் மொத தடவ பாத்தப்ப குறி பாக்குற முன் சைட் சரக்குன்னு எறங்கிச்சு, அன்னிக்கு ராத்திரி பூரா அதே நெனப்பு.

காசிமேட்டுல தூண்டி போடுறவங்க நரம்ப விரல்ல போட்டு உக்காந்திருப்பாங்கல்ல, மீன் தொடுறது விரலுக்கு தெரியும், கை ஆடாது, அந்த மாதிரி. லூசா வர்ற மொத இழுப்ப எடுத்துட்டு, தடுக்குற எடத்துல நிறுத்தி, அங்கேர்ந்து நேரா பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா அழுத்தம் ஏத்து, எப்ப விடும்னு எதிர்பாக்காத, விட்டப்புறமும் ரெண்டு செகண்ட் சைட்ட பாத்துகிட்டே நில்லு.

இத தெனம் 15 நிமிஷம் வெள்ள சுவத்தப் பாத்து காலி பிஸ்டல்ல பண்ணு. மேகசின எடுத்துட்டு குண்டு உக்கார்ற சேம்பர ரெண்டு தரம் பாரு, நெஜ குண்டு அந்த ரூம்லயே இருக்கக்கூடாது. பாயிண்ட் 22ல வெறுமனே தட்டுனா குண்ட குத்துற ஃபயரிங் பின் போய் சேம்பர் விளிம்புல குத்தி பள்ளம் விழலாம், அதனால டம்மி போட்டே தட்டு.

ரெண்டு மாசம் பண்ணிட்டு பேப்பர்ல குண்டு எங்க விழுதுன்னு மறுபடி எழுது.