இழுத்த கயிற்றை அளக்கச் சொல்லுங்கள்

வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது. எளிய இயந்திரங்கள் பாடத்துக்காக ஒரு கிட் வாங்கிக் கொடுத்தேன். படத்தைப் பார்த்து அரை மணி நேரத்தில் கிரேன் செய்துவிட்டான். மறுநாள் அதைத் தொடவே இல்லை. "கப்பி வேலையை எளிதாக்கும்" என்று பரீட்சையில் எழுதுகிறான். எப்படி என்று கேட்டால் விழிக்கிறான். நான் அறிவியல் படித்தவள் இல்லை. வீட்டில் என்ன செய்யலாம்?

– ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

அவன் விழிப்பதில் தவறே இல்லை. 'எளிதாக்கும்' என்பது பாதி உண்மைதான். நெம்புகோலோ கப்பியோ சாய்தளமோ, எதுவும் வேலையைக் குறைப்பதில்லை. பலத்தைக் குறைத்தால் தூரத்தைக் கூட்டி வாங்கிக்கொள்ளும். இந்தக் கொடுக்கல் வாங்கல் பிள்ளையின் கைக்குத் தெரிய வேண்டும். கிட்டில் தூக்குவது எடையே இல்லாத ஒரு பிளாஸ்டிக் கொக்கி. அதில் கைக்கு என்ன தெரியும்?

கப்பிகளுக்குப் பதிலாக வழுவழுப்பான மாப் கம்பு இரண்டும் நைலான் கொடிக்கயிறும் எடுங்கள். நீங்களும் இன்னொரு பெரியவரும் ஆளுக்கொரு கம்பை இரு கைகளாலும் பிடித்து, இரண்டடி தள்ளி எதிரெதிரே நில்லுங்கள். கயிற்றின் ஒரு முனையை ஒரு கம்பில் கட்டி, நடுவில் நான்கு இழை ஓடும்படி மாறி மாறிச் சுற்றி, மறுமுனையை அவனிடம் கொடுங்கள். விரல்கள் கயிற்றுக்கு அடியில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இருவரும் மூச்சைப் பிடித்து நின்றாலும் ஒன்பது வயதுப் பையன் இரண்டு கம்புகளையும் நெருங்க வைத்துவிடுவான். இரண்டு பெரியவர்களை இழுத்துவிட்ட சந்தோஷத்தை அவன் நன்றாக அனுபவிக்கட்டும்.

அதற்குப் பிறகுதான் பாடம். இழுக்கும் முன் கயிறு கடைசியாகக் கம்பை விட்டு வெளியே வரும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இழுத்த பின் கம்பிலிருந்து அந்தக் கோடு எவ்வளவு தள்ளி வந்திருக்கிறது, கம்புகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று இரண்டையும் அளக்கட்டும். கம்புகள் 10 செ.மீ. நெருங்கியிருந்தால் கயிறு 40 செ.மீ. வந்திருக்கும். இதை நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. ஆறு இழை சுற்றினால் என்ன ஆகும் என்று மட்டும் கேளுங்கள். தேங்காய்நார்க் கயிற்றால் செய்தால் உராய்வு பலத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், ஆனால் நீளக் கணக்கு மாறாது. அதையும் அவனே கண்டுபிடிக்கலாம்.

கிணற்று ராட்டினத்தைப் பற்றியும் கேட்பான். அந்த ஒற்றை உருளை வாளியின் கனத்தைக் குறைப்பதில்லை. மேலே தூக்க வேண்டியதைக் கீழே இழுக்க வைக்கிறது. அதனால் நம் உடம்பின் எடை துணைக்கு வருகிறது. மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைத்த கமலையில் மாடுகள் சரிவில் இறங்கி இழுத்ததும் இதற்காகத்தான். கமலை இறைத்த பெரியவர் யாராவது உறவில் இருந்தால் பையனை அவரிடம் அனுப்புங்கள். எந்தப் பாடநூலையும்விட அவர் நன்றாகச் சொல்வார்.

அறிவியல் படிக்கவில்லை என்று தயங்காதீர்கள். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் தொடங்கிய அறிவியல் கல்வித் திட்டம் கிராமத்துப் பள்ளிகளில், எளிய, மலிவான பொருள்களைக் கொண்டு நடந்தது. அதில் பங்கெடுத்த அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்டியூபையும் வைத்தே எத்தனையோ மாடல்கள் செய்து காட்டினார்.

கிட்டைத் தூக்கிப் போட வேண்டாம். அந்தக் கொக்கியில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை மாட்டச் சொல்லுங்கள். கிரேன் சாயும். எங்கே முட்டுக் கொடுப்பது, கயிற்றை எத்தனை மடிப்பாக ஓட்டுவது என்று அவனே யோசிக்கட்டும். ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும், நீங்கள் கை வைக்காதீர்கள்.