கடலைத் தொட்டுக் காட்டுபவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

கடல் உயிரியலில் முதுகலை முடித்தவள் நான். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கடலை நேரில் காட்டும் ஒரு சிறிய மையத்தில் இரண்டு வருடமாகப் பயிற்றுநராக இருக்கிறேன். தொட்டியில் இருக்கும் உயிர்களைத் தொட்டுப் பார்க்க வைப்பது, கரையோரம் நடத்திக் கூட்டிப்போவது, பிளாங்டன் (கடல்நீரில் மிதக்கும் மிகச் சிறிய உயிர்கள்) வலையில் சிக்கியதை மைக்ராஸ்கோப்பில் காட்டுவது என்று வேலை போகிறது. ஒரே விஷயத்தை ஒரு நாளைக்கு நான்கு தடவை சொல்கிறேன். கூடப் படித்தவர்கள் ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்கள். "இவ்வளவு படிச்சிட்டு சங்கும் சிப்பியும் காட்டிக்கிட்டு இருக்கியே" என்று வீட்டில் கேட்கிறார்கள். என் பேராசிரியரும் ஏறக்குறைய அதையே சொன்னார்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகள் வரும் நாளில் கூச்சமாகவும் இருக்கிறது. நான் சொல்வதில் பாதி அவர்களுக்கு முன்பே தெரியும். போன மாதம் அவர்களில் ஒரு பையன், "நண்டு காலை ஒடிச்சா அதுக்கு வலிக்குமா அக்கா?" என்று கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. நான் செய்வது அறிவியல்தானா, இல்லை வேடிக்கை காட்டுகிறேனா?

ம.
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு வாசனை.

எண்பதுகளின் நடுவில் விலங்கியல் இளங்கலை படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டுச் சுற்றுலா, ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற ஊருக்கு. அங்கிருந்து படகில் குருசடைத் தீவு. தமிழ்நாட்டில் விலங்கியல் படித்த பல தலைமுறைகளுக்கு அது யாத்திரை மாதிரி. அந்தத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி சென்னை அருங்காட்சியகம் 1927-லேயே தனித் தொகுப்பு வெளியிட்டிருக்கிறது. எல்லோரும் அங்கே தேடிப்போவது பலனோகிளாசஸ் என்ற புழுவை. புழு மாதிரி இருக்கும், ஆனால் முதுகெலும்புள்ள நமக்குத் தூரத்துச் சொந்தம். தேர்வுக்காக அதைப் பத்துத் தடவையாவது வரைந்திருப்பேன். எங்கள் கல்லூரி ஜாடியில் இருந்தது பார்மலினில் வெளுத்துப்போன ஒரு துண்டு மட்டும்.

எங்களைக் கரையோரம் கூட்டிப்போனவர் ஒரு ஆய்வக உதவியாளர். பட்டம் எதுவும் பெறாதவர். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, அடியில் மணல் சுருள் சுருளாகக் குவிந்து கிடந்ததைக் காட்டி, "இது என்னம்மா?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை. பக்கத்தில் கையை விட்டுத் தோண்டி, ஒரு பிடி ஈர மணலை எங்கள் மூக்குக்கு நேராக நீட்டினார். குப்பென்று ஆஸ்பத்திரி வாடை, புண்ணுக்குப் போடும் அயோடோபார்ம் மாதிரி. "இந்த வாசம் எங்க அடிக்குதோ அங்க பொறுமையா தோண்டுங்க. இழுத்தா அறுந்துடும்" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார். அரை மணி நேரம் நாங்கள் தோண்டினோம். என் கையில் வந்தது மஞ்சளாக, வழவழவென்று, உயிரோடு இருந்தது. அப்போதும் அவர் அந்தப் புழுவின் பெயரைச் சொல்லவில்லை. நாங்களேதான் கத்தினோம்.

மூன்று வருடம் படித்ததில் பெரும்பகுதி மறந்துவிட்டது. அந்த மணலின் வாடை மறக்கவில்லை. அந்தச் சுருள் குவியல் புழு மணலைத் தின்று வெளியேற்றியது என்பதும் மறக்கவில்லை. அன்று அவர் செய்தது அறிவியலா வேடிக்கையா என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, உங்கள் பேராசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். காட்டிக் கற்றுக்கொடுப்பது கீழான வேலை, கண்டுபிடிப்பது மேலான வேலை என்று அவர் நினைக்கிறார் போலிருக்கிறது. கடல் அறிவியலின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் அது பொருந்தவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் பெனிகீஸ் என்று ஒரு குட்டித் தீவு உண்டு. 1873-ல் ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசி அங்கே ஒரு கோடைகாலப் பள்ளி தொடங்கினார். தீவையும் 50,000 டாலரையும் கொடுத்தவர் ஜான் ஆண்டர்சன் என்ற புகையிலை வியாபாரி. படிக்க வந்த சுமார் ஐம்பது பேரில் பெரும்பாலானவர்கள் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள். பெண்களும் இருந்தார்கள். புத்தகத்தைப் படிக்காதே, இயற்கையைப் படி என்பதுதான் அங்கே தாரக மந்திரம். மீனைப் பிடி, அறுத்துப் பார், வரை, மறுபடி பார். தன் மாணவர் ஒருவரை ஒரே மீனின் முன்னால் மூன்று நாள் உட்காரவைத்து, பார், பார் என்று மட்டும் சொன்னவர் அகாசி. (டார்வினை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. மனித இனங்களைப் பற்றி அவர் எழுதியவை வெட்கப்பட வேண்டியவை. அதையும் சொல்லாமல் அவர் பெயரை என்னால் எழுத முடியாது.) அதே வருடம் டிசம்பரில் அவர் இறந்துபோனார். அடுத்த கோடையில் மகன் நடத்தினார். பிறகு பள்ளி மூடிவிட்டது.

இரண்டே கோடை. ஆனால் அங்கே படித்த சார்லஸ் விட்மன், 1888-ல் அதே மாசசூசெட்ஸ் கரையில் உட்ஸ் ஹோல் என்ற ஊரில் தொடங்கிய கடல் உயிரியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். 50-க்கும் மேற்பட்ட நோபல் பரிசாளர்களோடு தொடர்புள்ள இடம் அது. ஆசிரியர்களுக்குக் கடலைக் காட்டிய இடத்திலிருந்து வந்தவர்தான் அதை வழிநடத்தினார்.

அங்கே படித்த இன்னொருவரைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். கொர்னேலியா கிளாப். 1872-ல் மவுன்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் ஆசிரியையாகச் சேர்ந்தவர். 1874-ல் பெனிகீஸுக்குப் போனார். 1888-ல் உட்ஸ் ஹோல் திறந்த முதல் கோடையிலேயே அங்கே இருந்தார். தேரை மீனை எடுத்துக்கொண்டு அதன் உடம்பில் ஓடும், நீரின் அசைவை உணரும் கோட்டை ஆராய்ந்து, 1896-ல் சிகாகோவில் முனைவர் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 47. பிறகு உட்ஸ் ஹோல் ஆய்வகத்தின் அறங்காவலர்களில் ஒருவராகவும் ஆனார். அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் மிகக் குறைவு. வாழ்நாளின் பெரும்பகுதியைப் பெண்களுக்கு விலங்கியல் கற்றுக்கொடுப்பதில் செலவழித்து, 1916-ல் ஓய்வு பெற்றார். பெண்கள் அறிவியலுக்குள் வந்த கதையைப் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அவரைச் சொல்கிறார்கள். கற்பிப்பதும் ஆராய்வதும் ஒரே ஆளுக்குள் முன்பின்னாக வரலாம், சேர்ந்தும் வரலாம். உங்களுக்கு வயது இருபத்தைந்து இருக்குமா? அவசரப்பட ஒன்றும் இல்லை. ஆராய்ச்சிதான் மனதில் இருக்கிறது என்றால் தாராளமாகப் போங்கள். இந்த வேலையை மட்டமாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

ஒரே விஷயத்தை நான்கு தடவை சொல்வது பற்றி. சலிப்பு உண்மை, நானும் சில வருடம் வகுப்பெடுத்தவள்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒரே கரையில் வருடம் முழுக்க நிற்கும் ஆள் நீங்கள். ஆராய்ச்சிக்குப் போன உங்கள் தோழி, ஆய்வு மாதிரிகள் சேகரிக்க வருடத்துக்கு ஆறு நாள் கடற்கரைக்கு வருவார். நீங்கள் இருநூறு நாள் நிற்கிறீர்கள். சொறி (ஜெல்லிமீன்) எந்த வாரம் கரையொதுங்கத் தொடங்கியது, வலையில் நண்டுக் குஞ்சுகள் எப்போது அதிகம் வந்தன, மழைக்குப் பிறகு முகத்துவாரத்தில் உப்பு எவ்வளவு இறங்கியது என்று ஒரு நோட்டில் தினம் நான்கு வரி எழுதி வையுங்கள். அன்றைக்கு நான்காவதாக வரும் வகுப்புப் பிள்ளைகளையே எழுதவிடலாம். ஐந்து வருடம் கழித்து அந்த நோட்டு யாரிடமும் இல்லாத ஒரு பதிவாக இருக்கும்.

நம் கரையில் இந்த வேலை சுலபமும் இல்லை. குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் ஓதம், அதாவது கடலின் நீர்மட்டம், பல மீட்டர் ஏறி இறங்குகிறது. வற்றும் நேரத்தில் நராராவில் பவளத்திட்டின் மேலேயே நடந்துபோய் ஆக்டோபஸைப் பார்க்கலாம். சென்னைப் பக்கம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான் ஓதம். கரையும் பெரும்பாலும் வெறும் மணல். ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும் மணலில் பிள்ளைகளின் கண்ணை நிறுத்த வேண்டியிருக்கிறது. அலை வடியும்போது சட்டென்று புதையும் மட்டியையும், ஓட்டமாய் ஓடி வளைக்குள் மறையும் நண்டையும் வைத்து ஒரு மணி நேர வகுப்பு எடுக்கிறீர்களே, அது பெரிய திறமை.

சென்னையில் ஆமை நடைக்குப் போயிருக்கிறீர்களா? எழுபதுகளின் தொடக்கத்தில் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் தொடங்கியது. 1988-லிருந்து எஸ்.எஸ்.டி.சி.என். என்ற மாணவர் அமைப்பு நடத்துகிறது. ஜனவரி பிறந்தால் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் நடை. கூட்டிப்போகிறவர்களில் பலர் கல்லூரிப் பிள்ளைகள். டார்ச் அடிக்காதீர்கள், சத்தம் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு மணலில் தடம் தேடுகிறார்கள். கூடு கிடைத்தால் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்து, சுமார் ஒன்றரை மாதம் காவல் இருக்கிறார்கள். மணலின் சூடு கூடினால் பொரிப்பதில் பெண் குஞ்சுகள் அதிகம் என்பதை அந்தப் பொரிப்பகத்து வேலிக்குப் பக்கத்தில் நின்று ஒரு பத்தொன்பது வயதுப் பெண் சொல்லித்தான் நான் முதலில் கேட்டேன். 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் நம் கரைகளில் செத்து ஒதுங்கின. அந்த மாதமும் அந்தப் பிள்ளைகள் நடந்தார்கள். செத்த ஆமைகளைக் கணக்கெடுத்தார்கள்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூச்சம் நல்லது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒதுங்கக் கூடாது. பாடப்புத்தகத்தில் இழுதுமீன் என்று இருப்பது அவன் வீட்டில் சொறி. நீங்கள் ஆலிவ் ரிட்லி என்பீர்கள், அவன் தாத்தா பங்குனி ஆமை என்பார். அந்தப் பெயருக்குள்ளேயே அது கரைக்கு வரும் பருவம் இருக்கிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்கு அவர்களிடம் தனித்தனிப் பெயர். எந்தக் காற்றுக்கு எந்த மீன் படும் என்பதும் தெரியும். வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். அவர்கள் சொல்லும் பெயரைப் பலகையில் முதலில் எழுதுங்கள், உங்கள் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள். நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் அதே நேரம் வந்திருந்தால் இன்னும் நல்லது. தன் வீட்டுச் சொல் பலகையில் ஏறுவதை அந்தப் பையன் பார்க்கட்டும். அப்புறம் உங்களிடம் இருப்பது என்ன? மைக்ராஸ்கோப். அவன் அப்பா நாற்பது வருடம் கடலில் போயிருந்தாலும் ஒரு சொட்டுக் கடல்நீரில் நண்டின் குஞ்சு முள்ளும் கண்ணுமாய்த் துள்ளுவதைப் பார்த்திருக்க மாட்டார். அதைப் பார்த்த பிறகு, பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில்தான், கண்ணுக்குத் தெரியாமல் அதில் மிதக்கும் நுண்பாசிகளில்தான் நடக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்.

தொட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதனால் உங்கள் தொட்டியில் அவை இருக்காது என்று நினைக்கிறேன். "ஏன் கடல் குதிரை இல்ல?" என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வியை மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். மருந்துக்கும் அலங்காரத்துக்கும் அவற்றைப் பிடித்துத் தீர்த்த கதை அங்கிருந்துதான் தொடங்கும். இருக்கிற உயிர்களுக்கும் ஓய்வு கொடுங்கள். நனைத்த கையால், இரண்டு விரலால், தண்ணீருக்குள் வைத்தே தொட வேண்டும் என்பதை நான்காவது தடவையும் முதல் தடவை மாதிரியே சொல்லுங்கள்.

கடைசியாக அந்த நண்டு. நீங்கள் தெரியாது என்று சொன்னது சரிதான். தெரிந்ததாக நடித்திருந்தால்தான் தப்பு. இப்போது அவனுக்குச் சொல்ல உங்களிடம் ஒரு விஷயம் தருகிறேன். வட அயர்லாந்தின் பெல்பாஸ்டில், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகளை வைத்து ஒரு சோதனை செய்து 2009-ல் வெளியிட்டார்கள். சங்குக்குள் லேசாக மின்சாரம் கொடுத்தார்கள். சில நண்டுகள் சங்கை விட்டு வெளியே வந்தன. ஆனால் அவற்றுக்குப் பிடித்த வகைச் சங்கில் இருந்தவை அவ்வளவு சுலபத்தில் வெளியேறவில்லை. மின்சாரம் பட்ட பிறகும் உள்ளேயே இருந்த நண்டுகளிடம் வேறொரு சங்கை வைத்தபோது, மற்றவற்றைவிடச் சீக்கிரம் அதை நோக்கிப் போயின. தொட்டால் சுருங்குவது மாதிரி வெறும் அனிச்சை என்றால், வீட்டின் தரத்தைப் பார்த்து முடிவு மாறாது. இப்படிப்பட்ட ஆய்வுகளை வைத்துத்தான் பிரிட்டன் 2022-ல் கொண்டுவந்த சட்டம், உணர்வுள்ள விலங்குகளின் பட்டியலில் நண்டையும் இறாலையும் சேர்த்தது.

நண்டு ஆபத்தில் தன் காலைத் தானே கழற்றிவிடும், ஓடு மாற்றும்போது அது திரும்ப முளைக்கும் என்பது அந்தப் பையனுக்கு ஒருவேளை தெரிந்திருக்கும். தானாகக் கழற்றுவதும் நாம் ஒடிப்பதும் ஒன்றா என்று அவனிடமே கேளுங்கள். அவன் வீட்டில் தினம் நண்டைக் கையாளுகிறார்கள். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.