கவர்மென்ட் காலேஜ்தானா? – வாசகர் கேள்வி பதில்

(அரசு கலைக் கல்லூரி அலுவலகங்களில் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். இந்த இதழில் டெல்டா மாவட்டக் கடிதங்கள்.)

கேள்வி: மகள் பிளஸ் டூவில் 471 மார்க். பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்திருக்கிறது. ‘அங்கே வாத்தியாரே கிடையாது, தஞ்சாவூரில் தனியார் கல்லூரியில் சேர்த்துவிடு, வீட்டு வாசலுக்கே வேன் வரும்’ என்கிறார் என் நாத்தனார். எதில் சேர்ப்பது?
– வாசகி, கொரடாச்சேரி

பதில்: அந்த வேனுக்கு நாத்தனார் பணம் கட்டுவதாக இருந்தால் யோசிக்கலாம்!

அரசுக் கல்லூரியில் பயிற்றுக் கட்டணம் கிடையாது. சேரும்போது சில சில்லறைக் கட்டணங்கள், செமஸ்டருக்கு ஒருமுறை தேர்வுக் கட்டணம், அவ்வளவுதான். அரசு பஸ்ஸுக்கு இலவச பாஸ் உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். இது 2022-இல் வந்தது. பையன்களுக்கு 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வன். பணம் பிள்ளையின் சொந்தக் கணக்கில்தான் ஏறும். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்றால் மாதக்கணக்கில் நிற்கும். அதைச் சேருவதற்கு முன்பே சரிபண்ணி வையுங்கள். ஜூலையில் எங்கள் ஜன்னலில் வந்து அழுத அம்மாக்கள் நிறையப் பேர்.

வாத்தியார் இல்லை என்பது பாதி உண்மை. நிரந்தரப் பணியிடங்கள் பல காலி. கிராமத்துப் பக்கக் கல்லூரிகளை இன்றைக்கு ஓட்டுவதே கௌரவ விரிவுரையாளர்கள்தான். நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு), பிஎச்.டி. எல்லாம் முடித்துவிட்டு, வருஷத்துக்கு 11 மாதச் சம்பளத்தில் பாடம் எடுக்கிறார்கள். அவர்கள் பாடம் நடத்துவதில் குறையே சொல்லமாட்டேன். சிக்கல் எங்கே என்றால், நடு செமஸ்டரில் ஒருவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டால் அந்தப் பேப்பர் அந்தரத்தில் நிற்கும்.

அதனால் ஒரு வேலைநாளில் நேரில் போங்கள். பிரின்சிபாலைப் பார்க்க வேண்டாம். நேராகக் கணிதத் துறைக்குப் போய், சுவரில் ஒட்டியிருக்கும் டைம்டேபிளைப் பாருங்கள். ஒவ்வொரு பேப்பருக்கு நேராகவும் ஒரு பேர் இருக்கிறதா, இல்லை ஒரே பேர் நாலு இடத்தில் இருக்கிறதா? வராண்டாவில் நிற்கிற இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தியிடம், “கடைசி பீரியட் நடக்குதாம்மா?” என்று கேளுங்கள். விளம்பர நோட்டீசில் இல்லாத விஷயமெல்லாம் அந்தப் பிள்ளை வாயிலிருந்து வரும்.

அப்படியே எந்தச் சுழற்சி, அதாவது காலை ஷிப்ட்டா மதிய ஷிப்ட்டா என்றும் கேட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் கல்லூரிகள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, வயலை ஒட்டி இருக்கின்றன. இரண்டாம் சுழற்சி முடிய சாயங்காலமாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று கண்டக்டருக்கே தெரியாது. படிப்பை நிறுத்திய பெண்களில் பலர் பாடம் கஷ்டம் என்று நிறுத்தவில்லை. ‘இருட்டிப் போய் வருகிறாள்’ என்று வீட்டில் நிறுத்தினார்கள். முதல் சுழற்சி கிடைத்தால் விடாதீர்கள்.

டைம்டேபிளில் பேர்கள் நிரம்பியிருந்தால் என் ஓட்டு அரசுக் கல்லூரிக்கு. மூன்று வருஷ வேன் பணத்தை எம்.எஸ்சி.க்கு எடுத்து வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் குத்தகை நிலம் மூன்று ஏக்கர். தை, மாசி அறுவடையில் நான்தான் கூட நிற்க வேண்டும். வருகைப் பதிவு 68 சதவீதம், ஹால் டிக்கெட் கிடைக்காது என்கிறார்கள். மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிடலாமா?
– மாணவர், திருத்துறைப்பூண்டி

பதில்: வேண்டாம் தம்பி. வகுப்பில் பாதிப் பேர் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தால், நிஜமாகவே காய்ச்சலில் கிடந்தவனையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள். 75 சதவீதம் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் அபராதம் கட்டி எழுத வழி உண்டு. இன்றைக்கே துறைத் தலைவரைப் பார்த்து உள்ளதைச் சொல்லுங்கள். அவரும் பெரும்பாலும் நெல் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருப்பார்.

ஒன்று கேட்கிறேன், அறுவடைக்கா அத்தனை நாள் லீவு? பெல்ட் வண்டி (நெல் அறுக்கும் மெஷின்) இறங்கினால் மூன்று ஏக்கர் ஒரே நாளில் முடிந்துவிடும். நாள் போவதெல்லாம் கொள்முதல் நிலையத்தில். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிடுவார்கள், காயவைக்க வேண்டும். சாக்கு வரவில்லை என்பார்கள், காத்திருக்க வேண்டும். மழை வந்தால் குவியலைத் தார்ப்பாய் போட்டு மூட ஆள் வேண்டும். அந்தக் காவலை ராத்திரியில் நீங்கள் பாருங்கள், பகலில் அப்பா பார்க்கட்டும். காலையில் கண் எரியும்தான். எரிந்தாலும் முதல் பீரியடில் போய் உட்காருங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் என் பேரன் ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்பதில் சேர்ந்திருக்கிறான். நான் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தவன். அவன் படிப்பது மட்டமான இடமோ என்று கவலை.
– ஓய்வு பெற்ற தபால்காரர், பாபநாசம்

பதில்: கவலையே வேண்டாம் ஐயா. அது அரசு நடத்துகிற கல்லூரி. பள்ளி முடித்தவர் யாருக்கும் பெரும்பாலும் இடம் உண்டு, செலவும் குறைவு. இரண்டு வருஷம் அங்கே படித்துவிட்டு, மீதியைப் பல்கலைக்கழகத்தில் முடிக்கலாம். இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-இல் தொடங்கியதைத்தான் முதலாவது என்பார்கள். உங்கள் கும்பகோணம் கல்லூரி 1854. வயதில் நீங்கள்தான் அண்ணன்! நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்பது வேறு. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-இல் தொடங்கியது அந்த வகை. பெரும்பாலும் கைத்தொழில் டிப்ளமோதான், பட்டம் அல்ல.

கேள்வி: பி.ஏ. வரலாறு, தமிழ் வழி. வேலைக்கு ஆகுமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: அரசு வேலைக்குத் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டத்திலிருந்து இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டம் மட்டும் தமிழ் வழியில் இருந்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். டி.சி. வாங்குகிற அன்றைக்கே கல்லூரியில் தமிழ் வழிச் சான்றிதழையும் கேட்டு வாங்கிவிடுங்கள். படித்த பள்ளிகளிலும் வாங்க வேண்டும். குரூப் 2 அறிவிப்பு வந்த பிறகு ஓடினால், கிளார்க் பழைய ரிஜிஸ்டரைத் தேடிக்கொண்டிருப்பார், கடைசித் தேதி போய்விடும்.