மஸ்கிக்கு எத்தனை அடி ராட்? வாசகர் கேள்வி பதில்

மே மாசம் வந்தாப் போதும், இந்தப் பகுதிக்கு வர்ற கேள்வில முக்காவாசி மஸ்கி பத்தித்தான். ஒன்டாரியோவுல கவார்த்தா ஏரிகள்ல ஜூன் முதல் சனிக்கிழமை சீசன் திறக்குதுல்ல, அதான் எல்லாருக்கும் கை அரிக்குது. மஸ்கின்னா என்னன்னு கேக்கறவங்களுக்கு ஒரு வரி: வட அமெரிக்க நன்னீர்ல இருக்கற பெரிய வேட்டை மீன், பைக் மீனுக்கு அண்ணன் முறை, வாத்து மூக்கு மாதிரி தட்டையான வாய், வாய் பூரா பல்லு, நாலு அடி வரைக்கும் வளரும், சிலது அதுக்கும் மேல. பத்தாயிரம் தடவை வீசினாத்தான் ஒண்ணு கிடைக்கும்னு இங்க ஒரு பேச்சு உண்டு. இந்தத் தடவை வந்த கேள்வி பூரா ராட், அதாவது தூண்டில் கம்பு, அதோட நீளம் பத்தி, அதனால ஒண்ணா சேர்த்துட்டேன்.

கேள்வி: வணக்கம் அண்ணை. ரெண்டு வருசமா கவார்த்தாப் பக்கம் பாஸ் மீன் பிடிக்கப் போறனான். இந்த முறை மஸ்கிக்கு இறங்குவம் எண்டு இருக்கிறன். கடைக்குப் போனா 7 அடியில இருந்து 10 அடி மட்டும் அடுக்கி வச்சிருக்கிறாங்கள். அங்க நிண்ட பொடியன் நீளம் கூடினாத் தூரம் போகும், 10 அடியை எடுங்கோ எண்டுறான். எனக்கு ஒண்டு வாங்கத்தான் காசிருக்கு. எதை எடுக்கிறது?
வாசகர், ஸ்கார்பரோ

பதில்: ஒண்ணுதான்னா 8½ அடி எடுங்க தம்பி. பவர் எக்ஸ்ட்ரா ஹெவி, ஆக்‌ஷன் ஃபாஸ்ட், அதாவது நல்ல வெறைப்பு, நுனிப் பக்கம் மட்டும் வளையும். பதில் அவ்ளோதான், மீதி ஏன்னு கேக்கறவங்களுக்கு.

அந்தப் பையன் சொன்னது பொய் இல்ல. நீளம் கூடினா நுனி வேகமா சுத்தும், லூர், அதாவது முள்ளு வச்ச செயற்கை இரை, தூரம் போகும், சரிதான். ஆனா மஸ்கி விஷயத்துல தூரம் ரெண்டாம்பட்சம், ராட் நீளம் எதுக்குன்னு தெரியறது படகுக்குப் பக்கத்துல. பாஸ் மாதிரி வந்த வேகத்துல அடிச்சுட்டுப் போற ஜாதி இல்ல இது, லூருக்குப் பின்னாடியே பூனை மாதிரி சத்தமில்லாம வரும், படகு வரைக்கும் வரும், வந்து நின்னு நம்மளயே ஒரு மொறை மொறைக்கும், அந்த நேரத்துல நீங்க அடுத்த வீச்சுக்காக லூரத் தண்ணியவிட்டுத் தூக்கிட்டீங்கன்னா கதை முடிஞ்சுது, சாவகாசமா கீழ போயிரும். அதனாலதான் ஒவ்வொரு வீச்சு முடிவுலயும், மீன் வருதோ வரலையோ, லீடர் (லூருக்கு முன்னாடி கட்டற, பல்லு தாங்கற துண்டு) நுனிகிட்ட வர்ற வரைக்கும் சுத்திட்டு ராட் நுனியத் தண்ணிக்குள்ள விட்டு இங்கிலீஷ் எட்டு மாதிரி ஒரு சுத்து சுத்தணும். பிடிபடற மஸ்கில நிறைய இந்த எட்டுலதான் பிடிபடுது, என் கணக்குல பாதிக்குக் கிட்ட.

இப்ப யோசிச்சுப் பாருங்க, 40 இஞ்ச் மீன், கட்டை மாதிரி உடம்பு, அதால சின்ன வட்டத்துல திரும்ப முடியுமா? லாரி யூ டர்ன் அடிக்கற மாதிரிதான் திரும்பும். நீங்க 7 அடி ராடால குட்டியா எட்டு போட்டா லூர் திரும்பிரும், மீன் திரும்பாது, லூர் எங்கன்னு தெரியாம நேரா போயிரும். 8½ அடி இருந்தா நின்ன இடத்துலேந்தே அகலமா வளைக்கலாம், வளைவுல நுனிய இன்னும் ஆழமாவும் இறக்கலாம், படகு அடியில உரசாம எட்டத்துலயும் வச்சுக்கலாம்.

பழைய ஆளுங்க 70கள், 80கள்ல 5½ அடி, 6 அடி கம்பு வச்சுத்தான் பிடிச்சாங்க, பில்லியர்ட்ஸ் குச்சின்னே கிண்டல் பண்ணுவாங்க அத, அவ்ளோ வெறைப்பு. அப்ப இருந்த லைன் இழுபடும், லூர் பூரா கனமான மரக்கட்டை, மீன் அதப் பல்லுல கடிச்சுட்டு நின்னா தூண்டில் முள்ளு வாயில ஏறணும்னா வெறைப்பான கம்பு வேணும். எட்டு போடறதுக்குப் படகு ஓரத்துல முட்டி போட்டு உக்காருவாங்க. 90கள்ல பிரெய்ட் லைன், அதாவது பின்னின லைன், பரவலாச்சு, அது கொஞ்சம்கூட இழுபடாது, அதனால ராட் வளைஞ்சு கொடுத்தாலும் முள்ளு ஏறுது. நீளமா செய்யலாம்னு கம்பெனிக்காரங்களுக்குத் தைரியம் வந்தது அதுக்கப்புறம்தான். ரெட்டைத் தகடு சுத்தற, முள்ளு மேல மயிர்க் குஞ்சம் வச்ச பக்டெய்ல்ங்கற பெரிய லூர் வேற வந்துச்சு, அத இழுக்கறது தண்ணிக்குள்ள பக்கெட்ட இழுக்கற மாதிரி, அந்த பாரத்த நீள ராட் வளைஞ்சு கொஞ்சம் வாங்கிக்கும்.

அப்ப ஏன் 10 அடி வேணாம்? குடத்த ஒரு சின்னக் குச்சி நுனில மாட்டித் தூக்கிப் பாருங்க, அதே குடத்த நீளக் கழி நுனில மாட்டித் தூக்கிப் பாருங்க, மணிக்கட்டு பதில் சொல்லும். நுனில மீன் இழுக்கற இழுவை நீளத்துக்கு ஏத்த மாதிரி உங்க கைக்கு வருது, மீனுக்குத்தான் லாபம். அதோட நாள் பூரா 8 மணி நேரம் வீசணும். சாயங்காலம் நாலு மணிக்கு எட்டு போடச் சோம்பல் வந்துச்சுன்னா உங்க ராட் உங்களுக்குப் பெருசுன்னு அர்த்தம், மீனும் கரெக்டா அப்பத்தான் வந்து நிக்கும்.

நீளத்த மட்டும் பாத்து வாங்கிடாதீங்க, கைப்பிடிக்கு மேல எழுதியிருக்கற லூர் எடையப் படிங்க. 3லேந்து 8 அவுன்ஸ், அதாவது கிட்டத்தட்ட 85லேந்து 225 கிராம்னு இருந்தா முக்காவாசி மஸ்கி லூருக்குப் போதும். லைன் 80 பவுண்ட் பிரெய்ட், முன்னாடி 100 பவுண்டுக்கு மேல ஃப்ளோரோகார்பன் லீடர் இல்லன்னா கம்பி லீடர், லீடர் இல்லாம மட்டும் போயிடாதீங்க, அந்தப் பல்லு பிரெய்ட நூல் மாதிரி அறுத்துரும், லூர் வாயில மாட்டுன மீனு பாவம்.

கேள்வி: அண்ணா, நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்துதான் போவோம். அவர் உயரம் 6 அடி, 9 அடி ராட் ஒண்ணு வச்சிருக்கார். அதே மாதிரி எனக்கும் ஒண்ணு வாங்கித் தர்றேங்கறார். என் உயரம் 5 அடி 1 இஞ்ச். எனக்கு அது சரியா வருமா, இல்ல பொம்பளைங்களுக்குன்னு சின்னதா இருக்கா?
வாசகி, மிசிசாகா

பதில்: பொம்பளைங்களுக்குன்னு தனியா தேடாதீங்கம்மா, ரோஸ் கலர் பூசி விலைய ஏத்தி வச்சிருப்பாங்க. உயரம் கொஞ்சம் கணக்குத்தான், ஆனா நீங்க நினைக்கற மாதிரி இல்ல. குள்ளமா இருக்கறவங்க தண்ணிக்குக் கிட்ட இருக்காங்க, அதனால எட்டு போட 9 அடி அவசியமே இல்ல, உங்க வீட்டுக்காரர் 9 அடியால தொடற ஆழத்த நீங்க 8 அடியிலயே தொட்டுருவீங்க. ஆனா படகு எப்படிப்பட்டதுன்னு பாக்கணும். விளிம்பு உசரமா, ஆழமான படகா இருந்து நீங்க உள்ள தரைல நிக்கறீங்கன்னா 8½ தேவைப்படும். முன்னாடி இருக்கற மேடைமேல நிக்கறீங்கன்னா 8 போதும்.

கடையில நீளத்தவிட முக்கியமா பின் கைப்பிடியப் பாருங்க. ரீலுக்குப் பின்னாடி இருக்கற பகுதிய அக்குள்ல வச்சுப் பிடிச்சா ரீல் உங்க கைக்கு இயல்பா வரணும். உயரமானவங்களுக்கு அளந்து செஞ்ச நீளப் பிடி உங்க விலாவுல இடிச்சுக்கிட்டே இருக்கும், வீசறப்பவும் இடிக்கும், எட்டு போடறப்பவும் இடிக்கும். அவர் 9 அடிய ஒரு அரை மணி நேரம் வாங்கி வீசிப் பாருங்க, இந்த இடி புரிஞ்சுரும்.

1988ல ஜார்ஜியன் பேல ஒரு மஸ்கி பிடிச்சாங்க, ஒன்டாரியோ ரெக்கார்ட் அதுதான், 65 பவுண்ட், நீளம் 58 இஞ்ச். உங்க உயரத்துக்கு 3 இஞ்ச் கம்மி. எட்ட ஏன் அகலமாப் போடணும்னு உங்க வீட்டுக்காரர் கேட்டா, நீங்களே பாய்ல படுத்துக் காட்டுங்க.

கேள்வி: சார், மினியாபொலிஸ்ல ஒரு வருஷமா இருக்கேன். சொந்த ஊர் காவிரிக் கரை. அங்க தவளை லூர் போட்டு விரால் பிடிச்ச 6½ அடி பெய்ட்காஸ்டிங் ராட் கையோட கொண்டு வந்திருக்கேன், ஹெவி பவர். மஸ்கியும் விரால் மாதிரி பாசிக்குள்ளேந்துதான் பாயுதுன்னு கேள்விப்பட்டேன். இதையே வச்சுக்கலாமா?
வாசகர், மினசோட்டா

பதில்: இதே தப்ப நான் பண்ணியாச்சு, அதனால கேளுங்க. வந்த புதுசுல நானும் விரால் ராடோடதான் ஏரிக்குப் போனேன். மூணாவது நாளோ நாலாவது நாளோ ஒண்ணு பின்னாடியே வந்துச்சு, பழுப்புக் கலர், என் கால் நீளம் இருக்கும், எனக்குக் கை நடுங்குது, குனிஞ்சு எட்டு போடறேன்னு ராட படகு விளிம்புல அடிச்சேன், நுனி வளையம் தெறிச்சுப் போச்சு. மீன் என்னப் பாத்துட்டுப் போயிருச்சு. அது சிரிச்சுதுன்னு நான் இன்னிக்கும் சொல்வேன், வீட்ல நம்ப மாட்டாங்க.

விராலும் மஸ்கியும் ஒளிஞ்சிருந்து பாயற விஷயத்துல ஒண்ணுதான், ஆனா விரால் லூர் 15 கிராம், 20 கிராம். மஸ்கி ரப்பர் லூர்ல பெருசு அரைக் கிலோவுக்குக் கிட்ட வரும், சாதாரண பக்டெய்லே 60, 80 கிராம். உங்க ராட்ல அத மாட்டி முழு பலத்தோட வீசினா ராட் முறியும், இல்லன்னா ரீல்ல லைன் குருவிக்கூடு கட்டி லூர் மட்டும் அறுந்து பறக்கும், பக்கத்துல ஆள் இருந்தா ஆபத்து. அதுவும் ஒவ்வொரு லூர்லயும் மூணு கொக்கி முள்ளு ரெண்டு, மூணு தொங்குது. அந்த ராட பாஸுக்கு வச்சுக்குங்க, அருமையா வேலை செய்யும். மஸ்கிக்கு 8 அடியாவது வாங்கிருங்க. உங்க கை வீசிப் பழகின கை, உங்களுக்குப் புதுசா வேண்டியது எட்டு போடற பழக்கம் மட்டும்தான்.

கேள்வி: 9 அடி வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. பக்டெய்லுக்கு சூப்பர். ஆனா ஜெர்க்பெய்ட், கிளைட்பெய்ட்னு வர்ற லூரப் போட்டா நுனி தண்ணில அடிக்குது, முழங்கை வலி வேற. ராட்ல கோளாறா என்கிட்ட கோளாறா?
வாசகர், வின்ட்சர்

பதில்: ரெண்டுலயும் இல்ல, பொருத்தத்துலதான் கோளாறு. ஜெர்க்பெய்ட் தானா நீந்தாது, நீங்க ராடக் கீழ் நோக்கி வெட்டி வெட்டி இழுத்தாத்தான் அது பக்கவாட்டுல ஓடும், முங்கி எழும். கீழ வெட்டறதுக்கு இடம் வேணும்ல, 9 அடி ராட் நுனி அந்தப் பாதித் தூரத்துலயே தண்ணியத் தொட்டுரும், அப்புறம் நீங்க கையத் தூக்கி வச்சு வெட்டுவீங்க, முழங்கை போகாம என்ன செய்யும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் 7லேந்து 7½ அடி, வெறைப்பானது, தனியா வச்சுக்கறதுதான் நல்லது. நீளமே நல்லதுன்னு மேல அவ்ளோ எழுதிட்டு இங்க மாத்திப் பேசறேன்னு நினைக்காதீங்க, லூர் மாறினா பதிலும் மாறும். ரெண்டாவது ராடுக்கு இப்ப காசில்லன்னா 9 அடியோட கிளைட்பெய்ட மட்டும் போடுங்க, வெட்டாம, ராடப் பக்கவாட்டுல தாழ வச்சு ரீல் கைப்பிடிய அரைச் சுத்து அரைச் சுத்தா தட்டி விடுங்க, லூர் இடமும் வலமும் தானா போகும். செயின்ட் கிளேர் ஏரி உங்க வீட்டு வாசல்ல இருக்கு, அங்க படகுக்குப் பின்னாடி லூர இழுத்துக்கிட்டே ட்ரோலிங் போறவங்க அதிகம், அதுக்கு இந்த ராட் எதுவுமே வேணாம், மெதுவா வளையற ஃபைபர்கிளாஸ் ராட் தனி.

கேள்வி: 8½ அடி ராட் என் கரோலாவுக்குள்ள போகுமா?
வாசகர், பிராம்ப்டன்

பதில்: ஒரே துண்டுன்னா போகாது, போனாலும் நுனி கண்ணாடில முட்டிக்கிட்டு வரும், கதவு சாத்தறப்ப ஒருநாள் முறிஞ்சுரும். கைப்பிடிக்குள்ள ஒரு அடி, ஒன்றரை அடி உள்ள தள்ளிச் சுருக்கற மாதிரி டெலஸ்கோப் வச்சது கிடைக்குது, படகுல ராட் பெட்டிக்குள்ள வைக்கத்தான் அப்படிச் செய்யறாங்க, உங்க காருக்கு அதுவும் இழுபறிதான். ரெண்டு துண்டா வர்றத வாங்குங்க, இப்ப வர்ற ஜாயின்ட் எல்லாம் நல்லாவே இருக்கு. ஒண்ணே ஒண்ணு, நாள் பூரா வீசறப்ப ஜாயின்ட் லேசா திருகித் தளரும், சாப்பாட்டு நேரத்துல ஒரு தடவை அழுத்தி விட்டுக்குங்க.

கேள்வி: அண்ணே, எல்லாரும் பிடிச்சு விடறாங்க. நாம குழம்பு வச்சா என்ன?
வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: இந்தக் கேள்வி வரலைன்னாத்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன். முதல்ல சட்டம்: எந்த ஏரில எவ்வளவு நீளத்துக்கு மேல இருந்தா எடுக்கலாம்னு ஒன்டாரியோ அரசு மண்டலம் மண்டலமா போட்டிருக்கு, கம்மியா மீன் எடுக்க விடற கன்சர்வேஷன் லைசென்ஸ்னா மஸ்கி ஒண்ணுகூட எடுக்க முடியாது. ரெண்டாவது, பெரிய வேட்டை மீன், வாழ்நாள் பூரா மத்த மீனத் தின்னு தின்னு பாதரசத்த உடம்புல சேத்து வச்சிருக்கும். மூணாவது, வயசு. மஸ்கி தோள்பட்டைல கிளைத்ரம்னு ஒரு எலும்பு இருக்கு, மரத்துல இருக்கற மாதிரி அதுல வருஷ வளையம் விழும். டொரன்டோல ராயல் ஒன்டாரியோ மியூசியத்துல எட் கிராஸ்மேன்னு ஒரு மீன் ஆராய்ச்சியாளர் இந்த எலும்பச் சேகரிச்சு வயசு கணக்குப் போட்டார், நீளத்துக்கான வரம்புகள ஏத்தினதுக்கு அந்த வேலையும் ஒரு காரணம். பெரிய மீனெல்லாம் 15, 20 வருஷம் வாழ்ந்தது. உங்க மூத்த பையன் வயசு இருக்கும்.

அதனால விட்டுருங்க. பெரிய வலை, நீள மூக்கு ப்ளையர், முள்ளையே வெட்டற கட்டர், இந்த மூணும் இல்லாம படகு ஏறாதீங்க, மீன் வலைக்குள்ள தண்ணிலயே இருக்கட்டும், போட்டோவுக்குத் தூக்கினா பத்து செகண்ட். ஜூலை கடைசி, ஆகஸ்ட்ல தண்ணி 27 டிகிரிக்குப் போயிருச்சுன்னா மஸ்கி பக்கமே போகாதீங்க, விட்டாலும் பிழைக்கறது கஷ்டம். குழம்புக்குப் புளி கரைச்சாச்சுன்னா ரைஸ் லேக்ல பெர்ச், புளூகில்னு சின்ன மீனுங்க இருக்கு, அதுக்கு 6 அடி ராடே தாராளம்.