இணைந்த கணிதம் கைவிட்டவருக்கு

கேள்வி: வயது 33. நல்லூரில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறேன். இரவில் பொழுதுபோக்காகப் பைதனில் கணினி நிரல் எழுதுவேன். கணிதத்தையும் ரசித்துப் படிக்க ஆசை. ஆனால் உயர்தரத்தில் இணைந்த கணிதம் சித்தியில்லை. புத்தகத்தைத் திறந்தாலே ரியூட்டரி ஞாபகம் வந்து மூடிவிடுகிறேன். என்ன செய்யலாம்?
— கொக்குவில் வாசகர்

பதில்: மூடியே வையுங்கள் தம்பி. மூன்று மணித்தியாலத்துக்குள் எத்தனை கணக்கு என்று ஓடிய ஓட்டம் அது. அதில் யாருக்கு ருசி தெரிந்தது?

மகாராஷ்டிரத்துத் தேவ்லாலியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கப்ரேக்கர், 1949இல் மதராஸ் கணித மாநாட்டில் சொன்ன வேடிக்கையில் தொடங்குங்கள். நான்கு இலக்க எண் ஒன்று. நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக்கூடாது. இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, ஏறுவரிசையில் எழுதியதை அதிலிருந்து கழியுங்கள். விடைக்கும் அதையே செய்யுங்கள். 2024 என்றால் 4220 − 0224 = 3996. பிறகு 6264, 4176, 6174. அதோடு அசையாது. எதில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் 6174தான்.

பத்து வரி நிரல். என்னுடையது 2111இல் சறுக்கியது. 2111 − 1112 = 999. முன்னால் இருக்கவேண்டிய பூச்சியத்தை நிரல் விழுங்கிவிட்டு, அடுத்த படியில் பூச்சியத்திலேயே படுத்துவிட்டது. 0999 என்று வைத்திருந்தால் 8991க்குப் போயிருக்கும்.

திருத்தி, 0001 முதல் 9998 வரை தகுதியான 9990 எண்களையும் ஓடவிட்டேன். எல்லாம் சரி. ஏன் சரி என்பதை நிரல் சொல்லவில்லை. 2022 மின்வெட்டில் பற்றரியும் செத்த ஓர் இரவு, விளக்கு வெளிச்சத்தில் ஒற்றையில் கிறுக்கினேன். இறங்குவரிசையில் இலக்கங்கள் அ, ஆ, இ, ஈ என்றால் கழித்து வருவது 999 × (அ − ஈ) + 90 × (ஆ − இ). அந்த இரண்டு வித்தியாசமும் போதும், எண் எதுவாகவும் இருக்கட்டும்! இரண்டாவது முதலாவதை மிஞ்சாது என்பதால் மொத்தம் 54 சோடிதான். 9990 எண்களும் முதல் படியிலேயே 54 விடைக்குள் அடங்கிவிடுகின்றன. மிச்சத்தைக் கையாலேயே பார்த்து முடிக்கலாம். "இருட்டுக்க இருந்து என்ன பிள்ளை சிரிக்கிறாய்?" என்று அம்மா கேட்டா.

ஆகவே, நிரல் ஒரு விநோதத்தைக் காட்டியதும் அடுத்த நிரலுக்குத் தாவாதீர்கள். பக்கத்தில் ஒரு கொப்பி வையுங்கள். ஒரு கிழமை ஏன் என்று கிடந்து யோசியுங்கள். வராவிட்டால் போகட்டும், புள்ளி போட ஒருத்தரும் இல்லை.

பிறகு ஐந்து இலக்கத்துக்கு மாற்றுங்கள். 'முந்திய படியின் எண்ணே அடுத்ததிலும் வந்தால் நில்' என்று மட்டும் எழுதியிருந்தால் நிரல் நிற்காது. வந்த எண்களைப் பட்டியலில் சேர்த்து, பழையது எதுவும் திரும்புகிறதா என்று பாருங்கள். ஒரே எண்ணில் நிற்காமல் சில எண்களுக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஓடும் மூன்று சுற்று அகப்படும்.