பாயசத்தின் மேல் பழி போடும் முன், நோய் வராதவர்களையும் கேளுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயிலின் மகளிர் குழுச் செயலாளர் நான். இரண்டு வாரங்களுக்கு முன், புரட்டாசிச் சனிக்கிழமை அன்னதானத்தில் 300 பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். சோறு, சுகர் பீன்ஸ் (காய்ந்த பயறு) கறி, ரசம், கீரை, பாயசம். பீன்ஸ் கறியை வெள்ளி இரவே பெரிய அண்டாவில் ஆக்கி மூடிவைத்து, காலையில் சூடாக்கினோம். மற்றதெல்லாம் அன்று காலைச் சமையல். பந்தி மதியம் ஒரு மணிக்கு. இரவு ஒன்பது மணி தொடங்கி விடிவதற்குள் பலருக்கு வயிற்றைப் பிசைந்து பேதி. காய்ச்சல் யாருக்கும் இல்லை, வாந்தி ஓரிருவருக்குத்தான். ஞாயிறு இரவுக்குள் தேறிவிட்டார்கள். டாக்டரிடம் போனவர்களுக்கு மாத்திரை மட்டும் கிடைத்தது. மிஞ்சியதை அன்றே கொட்டிவிட்டோம். பாயசம் செய்த பெரியம்மாமேல் எல்லாரும் பழி போடுகிறார்கள், அவர் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். லேபில் கொடுத்து எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியுமா? முனிசிபாலிட்டிக்குச் சொன்னால் சமையலறையை மூடிவிடுவார்களா?

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் நேரக் கணக்கை வைத்துப் பார்த்தால், பாயசத்தைச் சந்தேகிக்க வலுவான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இன்றே அவர் வீட்டுக்குப் போய் இதைச் சொல்லுங்கள்.

ஏன் என்று விளக்குகிறேன். பால் சேர்ந்த இனிப்பில் கைப்பட்டு வளரக்கூடியது ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி. அது உணவிலேயே நஞ்சைச் சுரந்துவிடும். அந்த நஞ்சு வயிற்றுக்குள் போன ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியுமாகப் புரட்டிப்போடும். ஒரு மணிக்குச் சாப்பிட்டவர்கள் ஐந்து, ஆறு மணிக்கெல்லாம் வாந்தி எடுத்திருக்க வேண்டும். உங்கள் ஆட்களுக்கோ எட்டு மணி நேரம் கழித்துத்தான் தொடங்கியிருக்கிறது. வாந்தி அரிது, காய்ச்சல் இல்லை, வயிற்று வலியும் தண்ணீர்ப் பேதியும்தான், ஒரு நாளில் அடங்கிவிட்டது. சால்மொனெல்லா என்ற கிருமியாக இருந்தால் காய்ச்சல் வந்திருக்கும், நாலைந்து நாள் படுத்தியிருக்கும். நோரோவைரஸ் என்றால் வாந்தி தூக்கலாக இருந்திருக்கும், வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றியிருக்கும்.

இந்த அடையாளங்களுக்கு நன்றாகப் பொருந்துவது குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமி. பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் பேதி வகையும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்ளும். இரண்டும் வித்து வடிவில், அதாவது கெட்டி உறைக்குள் உறங்கும் நிலையில், கொதிநீரையும் தாங்கிப் பிழைக்கும். அண்டாவில் கறி தளதளவென்று கொதித்தபோது மற்றக் கிருமிகள் செத்திருக்கும், வித்துகள் இருந்திருக்கும். அடுப்பை அணைத்து மூடிவைத்த பிறகு, ஐம்பது லிட்டர் கெட்டிக் கறியின் நடுப்பகுதி ராத்திரி முழுக்க வெதுவெதுப்பாகவே கிடக்கும். 43 முதல் 45 டிகிரி சூட்டில் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் பத்து நிமிடத்துக்கு ஒரு முறைகூட இரட்டிப்பாகும். காற்று அதற்கு ஆகாது. கெட்டியான கறியின் நடுவில் காற்றும் இருக்காது. காலையில் பரிமாறும் அளவுக்குச் சூடாக்கினால் போதாது, நடுப்பகுதிவரை கொதித்திருக்க வேண்டும். உயிரோடு உள்ளே போகும் கிருமி குடலில்தான் நஞ்சைச் சுரக்கிறது. அதனால்தான் எட்டு, பத்து மணி நேரம் பிடிக்கிறது.

இது என் சந்தேகம் மட்டுமே. தீர்ப்பு என்று சொல்ல ஆதாரம் வேண்டும். ஆதாரம் இரண்டு வழியில் கிடைக்கும்: ஆய்வகம், விசாரணை. ஆய்வக வழி உங்களுக்கு இப்போது அநேகமாக அடைபட்டுவிட்டது. உணவு இல்லை. பெர்ஃப்ரிஞ்சென்ஸ் நஞ்சை மலத்தில் தேட வேண்டுமானால் நோய் கண்ட இரண்டு நாளுக்குள் மாதிரி எடுத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் பணம் கட்டிப் பரிசோதித்தால் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் வரும். அதைப் பார்த்து ஊர் இன்னும் குழம்பும்.

விசாரணை வழி திறந்தே இருக்கிறது. ஆனால் அதைத் தவறாகச் செய்தால் என்ன ஆகும் என்பதை என் வாழ்க்கையிலேயே பார்த்திருக்கிறேன். ஆய்வக வேலைக்கு வந்த புதிதில், ஒரு கல்யாண வீட்டுப் பேதியை விசாரிக்க நானும் போனேன். படுத்திருந்தவர்களிடம் மட்டும் கேட்டோம். எல்லாரும் ஒரே பதார்த்தத்தைச் சொன்னார்கள். அதைச் சமைத்தவர் ஒரு வயதான ஆயா. பிறகு மூத்த அதிகாரி ஒருவர் நோய் வராதவர்களையும் கேட்கச் சொன்னபோதுதான், அவர்களும் அதையே வயிறாரச் சாப்பிட்டிருந்தது தெரிந்தது. காரணம் வேறொரு கறி. அதற்குள் அந்த ஆயாவின் பெயர் கெட்டுவிட்டது. அதன்பின் அவர் பொதுச் சமையலில் கரண்டியைத் தொடவே இல்லை. உங்கள் கடிதம் எனக்கு அவரைத்தான் நினைவூட்டியது.

கணக்காகச் சொன்னால் தெளிவாகப் புரியும். எடுத்துக்காட்டுக்கு, பந்தியில் இருந்தவர்களில் 110 பேரைக் கேட்கிறீர்கள், 39 பேருக்குப் பேதி என்று வைத்துக்கொள்வோம். அந்த 39 பேரில் 37 பேர் பாயசம் சாப்பிட்டவர்கள், 36 பேர் பீன்ஸ் கறி சாப்பிட்டவர்கள். இதோடு நிறுத்தினால் பாயசம்தான் குற்றவாளி என்று தோன்றும். இப்போது நோய் வராதவர்களையும் சேருங்கள். பாயசம் சாப்பிட்டவர்கள் மொத்தம் 100 பேர், அதில் 37 பேருக்கு நோய். சாப்பிடாதவர்கள் 10 பேர், அதில் 2 பேருக்கு நோய். நூற்றுக்கு 37, நூற்றுக்கு 20; வித்தியாசம் பெரிதில்லை. பீன்ஸ் கறி சாப்பிட்டவர்கள் 70 பேர், 36 பேருக்கு நோய். அதைத் தொடாத 40 பேரில் 3 பேருக்குத்தான் நோய். நூற்றுக்கு 51, நூற்றுக்கு 7 அல்லது 8. கிட்டத்தட்ட ஏழு மடங்கு! பாயசம் வேண்டாம் என்பவர் பந்தியில் அபூர்வம். அதனால் நோய் வந்தவர் பட்டியலில் பாயசம் எப்போதும் நிறைந்துதான் இருக்கும்.

ஆகவே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள், இல்லாவிட்டால் வாட்ஸப்பில் கேளுங்கள். பெயர், வயது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், ஒவ்வொரு பதார்த்தமும் சாப்பிட்டாரா இல்லையா, நோய் வந்ததா, எத்தனை மணிக்கு. ‘எதனால் என்று நினைக்கிறீர்கள்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஊர்ப்பேச்சுதான் வரும். இரண்டு வாரத்தில் நினைவு கொஞ்சம் மங்கியிருக்கும், ஆனாலும் புரட்டாசிப் பந்தியில் என்ன சாப்பிட்டோம் என்பது பெரும்பாலோருக்கு ஞாபகம் இருக்கும்.

‘பேதிதானே, இதற்கு இத்தனை பாடா?’ என்று குழுவில் யாராவது கேட்டால், நம் நாட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். 2017, 2018இல் தென்னாப்பிரிக்காவில் பரவிய லிஸ்டீரியா நோய் (உணவு வழியாக வரும் ஒரு கிருமி நோய்), உலகம் இதுவரை பதிவு செய்த லிஸ்டீரியா பரவல்களிலேயே மிகப் பெரியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு உறுதியானது, இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நோயாளிகளில் பத்துக்கு நான்கு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். மனதை உலுக்குவது என்னவென்றால், பரவல் தொடங்கியபோது லிஸ்டீரியாவை அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. 2017 டிசம்பரில்தான் அது வந்தது. இந்த நோய் வெளிப்பட 70 நாள்வரைகூட ஆகலாம். இரண்டு மாதத்துக்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் என்றால் யாரால் சொல்ல முடியும்?

அங்கே ஆய்வகம்தான் கைகொடுத்தது. ஜொஹானஸ்பர்க்கில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனம், நோயாளிகளிடமிருந்து வந்த கிருமிகளின் மரபணுத் தொடரை முழுதாகப் படித்தது. பத்தில் ஒன்பதுக்கு மேல் எஸ்டி6 என்ற ஒரே வகை. நாடெங்கும் சிதறிக் கிடந்த நோயாளிகள் ஒரே ஊற்றிலிருந்து வந்தவர்கள் என்பது அப்போது புலப்பட்டது. பேட்டி கண்ட 109 பேரில் 93 பேர் சமைக்காமல் அப்படியே உண்ணும் பதப்படுத்திய இறைச்சியைச் சாப்பிட்டிருந்தார்கள், முக்கியமாகப் பொலோனி என்ற தடித்த தொத்திறைச்சி. 2018 ஜனவரியில் சோவெட்டோவின் ஒரு காப்பகத்துச் சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் பேதியும் வந்து பாராக்வானாத் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். குழந்தை மருத்துவர் ஒருவர் உணவின் மேல் சந்தேகப்பட்டார். சுகாதார அதிகாரிகள் அன்றே காப்பகத்துக்குப் போய், ஃப்ரிட்ஜில் இருந்த பொலோனியை எடுத்தார்கள். அந்தத் தடத்தைப் பிடித்துப் போனால் பொலொக்வானேயில் ஒரு தொழிற்சாலை. மார்ச் 4 அன்று சுகாதார அமைச்சர் அறிவித்தார், பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன, நோய் மளமளவென்று குறைந்தது. அந்த ஃப்ரிட்ஜை யாராவது முன்தினமே சுத்தம் செய்திருந்தால் அந்தத் தடம் கிடைத்திருக்காது.

நீங்களும் மிஞ்சியதைக் கொட்டிவிட்டீர்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், எல்லாக் கோயிலிலும் அப்படித்தான். இனி வரும் சனிக்கிழமைகளுக்கு ஒன்று செய்யுங்கள். பந்தி தொடங்கும் முன், பரிமாறும் பாத்திரத்திலிருந்தே ஒவ்வொரு பதார்த்தத்திலும் ஒரு கோப்பை, சுமார் 200 கிராம், வெந்நீரில் போட்டெடுத்த கரண்டியால் தனித்தனி மூடிய டப்பாவில் எடுத்து, தேதியும் நேரமும் ஒட்டி, ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் செத்துப்போகும், ஆய்வகத்தில் வளராது. மின்வெட்டு நாளில் ஐஸ் பெட்டி போதும். பெரிய கேட்டரிங் சமையலறைகளில் இது அன்றாட வழக்கம்.

மறுபடி யாருக்காவது வந்தால், ஆன்டிபயாட்டிக் விழுங்கும் முன் மல மாதிரி. சுத்தமான அகல வாய் டப்பாவில் இரண்டு டீஸ்பூன், சிறுநீரும் கழிவறைத் தண்ணீரும் கலக்காமல். ஐந்தாறு பேரிடம் கிடைத்தாலே ஆய்வகத்துக்குப் பெரிய உதவி. டாக்டரிடம் ‘ஒரே பந்தியில் சாப்பிட்ட பலருக்கு வந்திருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தனியாக ஒருவருக்குப் பேதி என்றால் அவர் மாத்திரைதான் தருவார். ஒரே உணவோடு தொடர்புள்ள இரண்டு பேர் என்றாலே அது பரவல். 24 மணி நேரத்துக்குள் அவர் அறிவித்தாக வேண்டும் என்பது சட்டம். தனியார் லேபில் விரைவு பிசிஆர் (கிருமியின் மரபணுவை மட்டும் தேடும் பரிசோதனை) மட்டும் செய்தால், கிருமியை வளர்க்கவும் சொல்லுங்கள். உயிருள்ள கிருமி கையில் இருந்தால்தான் உணவிலுள்ளதோடு ஒப்பிட முடியும். உணவு மாதிரியை நீங்களே லேபுக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஈத்தெக்வினி (டர்பன்) முனிசிபாலிட்டியின் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி வந்து முத்திரையிட்டு எடுக்கட்டும்.

பந்தி முடிந்த சில நிமிடங்களிலேயே வாயில் நுரை, தசைத் துடிப்பு, மூச்சுத் திணறல் என்று வந்தால் கிருமி என்று காத்திருக்காதீர்கள். 2024 அக்டோபரில் சோவெட்டோவின் நலேடியில் ஆறு பிள்ளைகள் இறந்தபோது, பரிசோதனை காட்டியது டெர்புஃபாஸ் என்ற பூச்சிமருந்து. அந்த அறிகுறிகளுக்கு உடனே ஆம்புலன்ஸ்தான்.

மூடிவிடுவார்களா என்று கேட்டீர்கள். உடனடி ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தால் திருத்தும்வரை நிறுத்திவைக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. நான் பார்த்தவரையில், பட்டியலோடும் மாதிரியோடும் தாங்களே முன்வந்து சொன்ன இடங்களில் அறிவுரையும் பயிற்சியும் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். இரண்டு வாரம் ஆனாலும் சொல்லுங்கள். அதே மூட்டைப் பீன்ஸ் வேறு கோயிலுக்கும் போயிருக்கலாம். இரண்டு இடத்துத் தகவலையும் சேர்த்துப் பார்க்க அவர்களால்தான் முடியும்.

இந்தச் சனிக்கிழமைக்கு, பீன்ஸை வெள்ளி இரவு ஊறவையுங்கள், சனி விடியலில் ஆக்குங்கள். பரிமாறும்வரை 60 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். கடையில் ஒரு சமையல் வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாளே ஆக்கித்தான் தீரவேண்டும் என்றால், அண்டாவில் விடாமல் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாத தட்டுகளில் பரப்பி, ஆவி அடங்கியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் அடிவரை கிளறி, நடுவில் குமிழி வரும்வரை கொதிக்கவிடுங்கள். வெப்பமானியைப் பிடித்துப் பார்த்துக் குறித்துவைக்கும் வேலையை அந்தப் பெரியம்மாவிடமே கொடுங்கள்.