தசை ஸ்கேன்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் இருந்து வந்த கேள்விகளுக்கு, ஸ்கேன் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் பதில் தருகிறேன்.

அண்ணே, அப்பாவுக்குத் தொடை மெலிந்துகொண்டே போகிறது. எக்ஸ்ரேயில் தெரியாதா?

தெரியாது தம்பி. அது எலும்புக்கு. தசைக்கு ஒலி அலையால் படம் எடுக்கும் அல்ட்ராசவுண்ட், காந்தத்தால் படம் எடுக்கும் எம்ஆர்ஐ.

அல்ட்ராசவுண்டில் நல்ல தசை எப்படி இருக்கும்?

கறுப்பாக, நடுவே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். அடியில் எலும்பின் கோடு பளிச்சென்று தெரியும். நோயில் கொழுப்பும் நாரும் புகப்புகத் தசை வெளுத்துக்கொண்டே வரும். எலும்பின் கோடு மங்கி, கடைசியில் மறைந்துவிடும். இதை நான்கு படிகளாக ஹெக்மட் என்ற மருத்துவர் 1982-இல் வகுத்தார். வயதானால் நோயில்லாமலே கொஞ்சம் வெளுக்கும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அப்புறம் ஏன் எம்ஆர்ஐக்கு ஈப்போ போகச் சொல்கிறார்கள்?

ஆழத்தில் உள்ள தசைகளையும் பார்க்கலாம். அதைவிட முக்கியம், கொழுப்பையும் நீரையும் பிரித்துக் காட்டும். எம்ஆர்ஐயில் டி1 என்ற வகைப் படத்தில் வெள்ளையாகத் தெரிவது கொழுப்பு. அங்கே இருந்த தசை போய்விட்டது, திரும்புவது அரிது. ஸ்டிர் என்ற இன்னொரு வகைப் படத்தில் கொழுப்பை அடக்கிவிடுவோம், அப்போது வெளுப்பது நீர். அழற்சி இன்னும் நடக்கும் இடமாக இருக்கலாம், மருந்துக்குக் குணமாக வாய்ப்புள்ள இடமும் அதுதான். ஆகவே டாக்டரிடம், "கொழுப்பா, நீரா?" என்று கேளுங்கள். ஒன்று, முந்தின நாள் செம்பனைக் குலை வெட்டி உடம்பு வலிக்கிறவருக்கும் நீர் தெரியலாம். கடும் வேலை செய்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அரிவாள் தீட்டும்போது கண்ணில் இரும்புத் துகள் பட்டது. பரவாயில்லையா?

எம்ஆர்ஐ அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிடுங்கள் ஐயா! காந்தத்தில் அந்தத் துகள் அசைந்தால் பார்வையே போகலாம். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

என் மகன் தொடையில் கை ஊன்றித்தான் எழுகிறான். கெண்டைக்கால் மட்டும் பெருத்திருக்கிறது.

அக்கா, ஸ்கேனுக்குக் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே கிளினிக்கில் சிகே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தசை சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் நொதிதான் சிகே. பெருத்த கெண்டைக்கால் பலமான தசை என்று நினைக்க வேண்டாம், உள்ளே கொழுப்பு ஏறியிருக்கலாம். சிகே மிக அதிகமாக இருந்தால் அடுத்தது மரபணுப் பரிசோதனை.

ஸ்கேன் எடுத்தால் சதை வெட்டிப் பார்க்க வேண்டாமா?

சில நேரம் வேண்டியிருக்கும். எங்கே எடுப்பது என்று ஸ்கேன்தான் காட்டும். வெறும் கொழுப்பான இடத்தில் எடுத்தால் நோயின் பெயர் தெரியாமலே போகலாம்.